உயிலுக்கு வைத்த பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் கன்னடத்தில். தமிழ் எழுத அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் படிப்பு இல்லை. எழுதினால் என் பெயர் கெடும். எழுதாவிட்டால் செத்துப்போன ஒருத்தியின் பெயர் கெட்டபடியே கிடக்கும். போன ஆடி வெள்ளிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தபோது, இதை மறைத்துக்கொண்டு இனியும் அம்மன் முகத்தைப் பார்க்க முடியாது என்று ஆகிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜீவனஹள்ளியில் பெரியப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. முன்பக்கத்தில் அவரும் பெரியம்மாவும் இருந்தார்கள், பின்பக்க அறையில் அப்பா, அம்மா, நான். பெரியம்மா என்று நான் கூப்பிட்டேனே தவிர, சட்டம் அவளை அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பா முதலில் கட்டிய மனைவி குடியாத்தத்தில் இரண்டு மகன்களோடு இருந்தாள். பிரிந்து எத்தனையோ காலமாகியும் விவாகரத்து வாங்கவில்லை. அதன் பிறகுதான் இந்தப் பெரியம்மாவுக்குக் கோயிலில் தாலி கட்டிக் கூட்டிவந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாமிக்கு அது கல்யாணம். கோர்ட்டுக்கு இல்லை.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. தான் போனதும் மகன்கள் வந்து இவளைத் தெருவில் தள்ளுவார்கள் என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. வக்கீல் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, வீடு பெரியம்மாவுக்கு என்று உயில் எழுதினார். கையெழுத்துப் போட முடியாததால் இடது கட்டை விரலை மையில் ஒற்றி ரேகை வைத்தார். எதிர்வீட்டுத் தாத்தாவும் இஸ்திரிக் கடைக்காரரும் சாட்சி. இதை ரிஜிஸ்டர் செய்துவிடுங்கள் என்று வக்கீல் சொல்லித்தான் போனார். உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

பெரியம்மா அந்தக் காகிதத்தை மஞ்சள் துணியில் சுற்றி அம்மன் படத்துக்கு அடியில் வைத்தாள். ஆள் உயிரோடு இருக்கும்போது உயிலைப் பிரித்துப் பார்ப்பது சாவைக் கூவி அழைப்பது மாதிரி என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. யாரும் அதைத் தொடுவதில்லை.

ஆயுத பூஜை வந்தது. அப்பா தெருவில் தன் ஆட்டோவைக் கழுவி வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் அடுப்படியில் இருந்தார்கள். வீட்டுச் சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கும் வேலை எனக்கு. ஒரு கிண்ணத்தில் சந்தனம், ஒன்றில் குங்குமம். அரிவாள்மனை, சுத்தியல், மிக்சி, கேஸ் அடுப்பு, டிவி, என் கணக்குப் புத்தகம் என்று ஒன்றையும் விடவில்லை. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் இரண்டு வைத்தேன், அது எனக்கு அதிகம் தொல்லை கொடுத்ததால்.

கட்டிலில் இருந்து பெரியப்பா குழறினார். "பேப்பருக்கு... வெச்சியா? அதுக்கும் ஒரு பொட்டு வெய்டி."

மஞ்சள் துணியை எடுத்தேன். துணிக்குப் பொட்டு வைத்தால் அது துணிக்குத்தானே போகும் என்று யோசித்தேன். அம்மனுக்கு முதுகிலா வைக்கிறோம், நெற்றியில்தானே? காகிதத்தைப் பிரித்து அதற்கு முகம் எங்கே என்று தேடினேன். எல்லாம் எழுத்து. கடைசியில், கீழே, உருண்டையாக நீலமாக ஒன்று இருந்தது. அதுதான் முகம் என்று முடிவுசெய்து, சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மடித்து, சுற்றி, இருந்த இடத்தில் வைத்துக் கும்பிட்டேன். அன்று நான் வைத்ததிலேயே அழகான பொட்டு அது.

கார்த்திகை பிறப்பதற்குள் பெரியப்பா போய்விட்டார். நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடுதான் இருந்தார், இடது கையும் நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு முறை யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் வேறு காகிதத்தில் இன்னொரு ரேகை வைத்திருப்பார். சாவுக்குப் பயந்து யாரும் பிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் குடியாத்தத்துப் பெரிய மகன் நடுவாசலில் நின்று சொன்னான்: "இந்தம்மா எந்த உரிமையில இங்க இருக்குது? மூட்டையைக் கட்டச் சொல்லுங்க."

அப்பா பெரியம்மாவை வக்கீலிடம் கூட்டிப்போனார். அம்மா வேலைக்குப் போயிருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வக்கீல் துணியை அவிழ்த்துக் காகிதத்தைப் பிரித்தார். சந்தனம் ஊறி, மை கரைந்து, குங்குமம் மடிப்பின் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டி, அங்கே ரேகை என்று ஒன்றும் இல்லை. சிவப்பும் நீலமுமாக ஒரு திட்டு.

"யாரும்மா இதுல கை வெச்சது?" என்றார் வக்கீல்.

நான் சந்தோஷமாக எழுந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நான்தாங்க வெச்சேன். பூஜை அன்னிக்கு."

"ரேகை மேலயேவா? ஓரமா வெக்கக் கூடாதா?"

"சாமி காரியம்னு வெச்சதுங்க."

"சாமியா வந்து கோர்ட்ல சாட்சி சொல்லப் போகுது? ஆய்த்தும்மா. முடிஞ்சு போச்சு."

அப்பா முகம் கறுத்தது. "புத்தி இருக்கா அண்ணி உங்களுக்கு?" என்றார். வேறு யாராக இருந்தாலும் கை ஓங்கியிருப்பார். அதற்கு முந்தின வாரம்தான் ஆட்டோ கண்ணாடியை உடைத்ததற்கு என்னை ஒயரால் அடித்திருந்தார். தடித்துப்போன முதுகில் எண்ணெய் தடவிவிட்டது பெரியம்மா.

பஸ்ஸில் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். இறங்கி நடக்கும்போது கேட்டேன். "நான்தானே வெச்சேன், ஏன் நீ வெச்சதா சொன்னே?"

"நான்தான்டி வெச்சேன். யாரு கேட்டாலும் அதான்."

என் பொட்டை அவள் பிடுங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். சாயங்காலம் அம்மன் படத்தின் முன்னால் நின்று, நீ பார்த்தாயே, வைத்தது நான்தானே என்று முறையிட்டேன். பெரியம்மா கொடுத்த பொரியைக்கூட இரண்டு நாள் வாங்கவில்லை.

வழக்கு இரண்டு வருஷம் நடந்தது. சாட்சிகளில் எதிர்வீட்டுத் தாத்தா அதற்குள் இறந்துவிட்டார். இஸ்திரிக் கடைக்காரரை மகன்கள் போய்ப் பார்த்தார்கள். அவர் கோர்ட்டில், என் கையெழுத்துதான், ஆனால் பெரியவர் ரேகை வைத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். உயில் எழுதிய வக்கீலே பெரியம்மாவுக்காக வாதாடுகிறவர் என்பதால் அவர் சொல் எடுபடவில்லை. மிச்சம் இருந்தது ரேகை ஒன்றுதான். வீட்டுப் பத்திரத்தில், ரிஜிஸ்டர் செய்தபோது வைத்த பெரியப்பாவின் ரேகை இருந்தது, ஆனால் அதோடு ஒப்பிட இங்கே ஒன்றும் இல்லை. பலன் அடைய வேண்டியவளே அதை அழித்திருக்கிறாள் என்று தீர்ப்பு வந்தது.

பெரியம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு கோலார் தங்கவயலுக்கு, தங்கை மகன் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் என் தலையைத் தடவி, "அப்பா கிட்ட அடி வாங்காம இரு" என்றாள். நான் கேட்ட கேள்வி இது: "முன் ரூம் இனிமே நமக்கா?" அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மூன்று மாதத்தில் எங்களையும் காலி செய்ய வைத்தார்கள்.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். வழக்குக்கு முன்பு வக்கீல் பெரியம்மாவைத் தனியாகக் கேட்டாராம், அம்மா பக்கத்தில் இருந்தாளாம். "இது சின்னப் பிள்ளை விரல் மாதிரி இருக்கே. குழந்தை தெரியாம வெச்சதுன்னா அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுச் சொல்ல வெக்கலாம், உங்களுக்கு நல்லது. நீங்களே வெச்சேன்னா கேஸ் நிக்காது." பெரியம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாளாம். "கோர்ட்டு வரைக்கும் போனா, அவங்க அப்பன் குழந்தையைக் கொன்னுடுவான் சார்."

"எனக்கும் தெரியும்டி, நானும் வாயைத் தெறக்கல" என்று அம்மா சொன்னாள்.  அந்த வாரமே தங்கவயலுக்குப் போனேன். பெரியம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

இருக்க ஒரு கூரை அவளுக்கு இருந்தது. என் முதுகுக்காக அதை விட்டுக்கொடுத்தாள். ஒன்பது வயதில் நான் அவளைப் பொட்டுத் திருடி என்று நினைத்தேன்.

சொந்தக்காரர்கள் கல்யாண மண்டபங்களில் இன்றும் பேசுகிறார்கள்: அது பொய் ரேகை, மாட்டிக்கொள்வோம் என்று அவளே குங்குமத்தை அப்பி மறைத்தாள் என்று. இதைப் படிக்கிறவர்கள் அப்படிப் பேச்சு வரும் இடத்தில் இதைச் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். வைத்தது நான், ஏற்றுக்கொண்டது அவள். சின்னப் பிள்ளை, பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம்.