வலை இல்லாத சாட்சி

கண்டக்குழிக் கரையில் கருவாடு போடும் மர்ளியாவுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். மீன் வெட்டும்போது மட்டும் வாய் திறக்கமாட்டாள். அன்றைக்குத் திறந்தாள்.

கரையோரக் கடலில் மணல் அள்ள ஒரு கம்பனி அனுமதி கேட்டிருந்தது. அங்கே கடற்புல் மேய வரும் கடற்பசுக்களுக்கு அதனால் கேடு வருமா என்று ஆராயும் குழுவிலிருந்து ஷிம்லா என்ற பிள்ளை வந்து, தோணிக்காரர்களை விசாரித்தாள். மர்ளியாவின் புருஷன் நெய்னாரும் மற்றவர்கள் சொன்னதையே சொன்னார்.

"கடற்பசுவா? இந்தப் பக்கம் கண்டதே இல்ல."

கண்டேன் என்றால் பிடித்தாயா என்பார்கள். பிடித்தால் வழக்கு, சிறை; வலையும் பறிபோகும். அதனால் வெளியிலிருந்து யார் வந்து கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில் அது. மணல் அள்ள விடமாட்டோம் என்று போன கிழமை பள்ளிவாசலடியில் கத்தியவர்களும் இவர்களேதான்.

"இல்லையெண்டா அப்படித்தான் நாங்க எழுதணும்," என்றாள் ஷிம்லா. "பிறகு மணல் அள்ளத் தடையும் இருக்காது."

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மர்ளியா கத்தியைப் பலகையில் குத்தினாள்.

"நேத்து குட்டியோட மேயுதெண்டு வந்து சொன்னது ஆரு? வலையக் காப்பாத்தக் கடலையே குடுக்கப் போறீங்களா?"

நெய்னார் தலையைச் சொறிந்தார். "காலையில வாங்க மகள், தோணியில கூட்டிப் போய்க் காட்டுறன். எண்ட பேர மட்டும் போட்டுறாதீங்க."

"எண்ட பேரப் போடுங்க," என்றாள் மர்ளியா. "வலையில்லாத பொம்பளய என்ன சொல்லிப் புடிப்பாங்க?"