ஸ்ரீ அண்ணை ரோம் பார்க்கப் போன கதை

ரோமுக்குப் போய் ரோமைப் பார்க்காமல் திரும்பி வந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. அந்தச் சின்னக் கூட்டத்தில் சிவானந்தனும் ஒருவர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடையில் நடந்தது அது. ஆண்டுகள் போயும் வயிற்றெரிச்சல் போகவில்லை. லண்டனில், வெம்பிளியில் ஒரு பிறந்தநாள், இல்ஃபோர்டில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு என்று எங்கே போனாலும் அவருடைய மனைவி கனகாம்பிகை, "இவரும் ரோமுக்குப் போனவர், கேட்டுப் பாருங்கோ" என்று தொடங்கிவிடுவார். யாராவது ஒருவர், "எப்பிடி அண்ணை ரோம்?" என்று கேட்டே தீருவார்.

"பிளாட்போம் நல்ல துப்புரவு" என்று சொல்லிவிட்டு, சிவானந்தன் கோழிக்கறி இருக்கிற பக்கமாகப் போய்விடுவார்.

இவ்வளவுக்கும் காரணம் ஸ்ரீஸ்கந்தராஜா. நோர்பரியில் அவரை எல்லோரும் ஸ்ரீ அண்ணை என்றுதான் சொல்வார்கள். எண்பத்தைந்தில் லண்டனுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து ஒரு பெற்றோல் ஷெட்டின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். வெள்ளைக்காரன் காசைக் கொடுத்துவிட்டு "நல்ல வெயில்" என்று சொன்னால், இவர் எட்டி வானத்தைப் பார்த்து, உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் தலையாட்டுவார். அவ்வளவு நிதானம். கலியாணம் கட்டவில்லை. தங்கச்சி தவமலரைக் கரைசேர்த்துவிட்டுத்தான் தன் காரியம் என்று சொல்லி, இரட்டை ஷிப்ட் செய்து சீதனம் சேர்த்தார். ஊரில் ஒரு அரசாங்கக் கிளார்க்கும் பார்த்தாயிற்று. தவமலர் என்ன செய்தாள்? பாஷையூர்ப் பக்கத்தில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியன் ஒருவனை, அருளப்பு என்று பெயர், மனதுக்குள் வைத்திருந்து, அவன் இத்தாலிக்குப் போனதும் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். சீதனமும் கேட்கவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இரட்டை ஷிப்ட் செய்தவனுக்கு அதைவிட என்ன அவமானம் வேண்டும்?

"எனக்குத் தங்கச்சி இல்லை. அவள் செத்துப்போனாள்" என்று கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் கேட்கச் சொன்னார். அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், அவன் கையால் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை.

அந்தக் கோடை தொடங்க முன்னம் அதே கோயிலில் யாரோ சொன்னார்கள், சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிற தவமலர் குடும்பத்துக்குக் கனடா கிடைத்துவிட்டது, ஆவணி முடிய முன்னம் போய்விடுவார்கள் என்று. ஸ்ரீ அண்ணை பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டு, காது கேளாதவர் மாதிரி நின்றார். அடுத்த சனிக்கிழமை முதுகில் மாட்டுகிற பெரிய பை ஒன்றோடு சிவானந்தனின் வீட்டு வாசலில் நின்றார்.

"சிவம், ஐரோப்பா பாக்கப் போறன். நீயும் வா."

"ஏன் அண்ணை, நாங்கள் பாக்காத ஐரோப்பாவே? மொஸ்கோ, கிழக்கு பெர்லின், காட்டு வழி, லொறி… எல்லாம் ஒளிச்சு ஒளிச்சுப் பாத்திட்டுத்தானே இஞ்சை வந்தனாங்கள்?"

"லொறிக்குள்ளை இருட்டு. ஒண்டும் தெரியேல்லை. இப்ப வெளிச்சத்திலை பாப்பம். வெள்ளைப் பெடியள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெற்கு ஐரோப்பா முழுக்கக் குறைஞ்ச செலவிலை சுத்துறாங்கள். ஷெட்டுக்கு வந்து தண்ணி நிரப்பேக்கை நான் பாக்கிறனான். எங்களுக்கு ஏலாதோ?"

"தங்கச்சியைப் பாக்கப் போறியள் எண்டு நேராச் சொல்லுங்கோவன்."

"ஆற்றை தங்கச்சி? நான் ரோம் பாக்கப் போறன்."

ரோம் என்ற சொல்லில்தான் சிவானந்தன் விழுந்தார். அவருக்கும் அதே ஷெட்டில்தான் வேலை. அங்கே தொங்கின கலண்டரில் சித்திரை மாதத்துக்கு ரோமின் அந்த உடைந்த வட்ட அரங்கத்தின் படம். சித்திரை முடிந்தும் அவர் தாளைக் கிழிக்க விடவில்லை.

மூன்றாவது ஆள், சிவானந்தனின் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்த முருகேசன். மதுரைக்காரர், ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. வரைபடம் பார்த்துப் பழகின கண்ணுக்கு ஸ்ரீ அண்ணையின் திட்டம் உடனே இடித்தது.

"அண்ணே, ரோம் ஆச்சு. அப்புறம் கிரீஸ்னு சொல்றீங்க. நடுவுல எதுக்கு சிசிலி? கிரீஸ் கிழக்கால இருக்கு, சிசிலி தெக்கால இருக்கு."

"வழியிலைதான்."

"எப்படிண்ணே வழி?"

"வளைஞ்சு போற வழி. உமக்கு விருப்பமில்லாட்டி நில்லும்."

முருகேசன் சிரித்துவிட்டு, "வர்றேன், வர்றேன்" என்றார்.

குறைந்த செலவு என்பதற்கு ஸ்ரீ அண்ணை கண்ட வழி ரைஸ் குக்கர். அரிசி, கறித்தூள், டப்பாவில் அடைத்த ரின் மீன், குக்கர் எல்லாம் சிவானந்தனின் முதுகில் ஏறின. ஸ்ரீ அண்ணையின் பையில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. சேலைக்கடைப் பை ஒன்று மேலால் எட்டிப் பார்த்தது. "மழைக்குப் போர்க்க" என்றார். பட்டுச் சேலையைப் போர்த்துக்கொண்டு மழையில் போகிற ஆளை நோர்பரி அதுவரை கண்டதில்லை. பாரிஸ் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, குக்கரின் மூன்று முள்ளுப் பிளக் அந்தத் தேசத்துச் சுவரில் நுழையாதென்று. அதற்குப் பிறகும் அதைச் சுமந்தது சிவானந்தன்தான். எறியவும் ஸ்ரீ அண்ணை விடவில்லை.

பாரிஸிலிருந்து ரயில். எதிரே இருந்த வெள்ளைப் பெடியன்கள் கால்களை ஆசனத்தில் நீட்டிக்கொண்டு, பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்று, உலகம் தங்கள் வீட்டு முற்றம் மாதிரிக் கிடந்தார்கள். நம்மவர்கள் மூவரும் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். இத்தாலி எல்லையில் ரயில் நின்றது. பொலிஸார் இருவர் ஏறினார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மூவரிடமும் விசா இருந்தது. தூதரகத்தில் வரிசையில் நின்று, முறைப்படி எடுத்த விசா. ஆனாலும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகேசன் தலையை நிமிர்த்தியபோது பக்கத்தில் இரண்டு ஆசனங்கள் காலி. ஸ்ரீ அண்ணை கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். சிவானந்தன் ஆசனத்துக்குக் கீழே, குக்கரைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். சீருடையைக் கண்டதும் கால்கள் தாங்களாகவே போய்விட்டன. எண்பத்தைந்தில் பழகின கால்கள் அல்லவா?

"சிவம் அண்ணே," என்று முருகேசன் குனிந்து சொன்னார், "பாக்கெட்ல விசா இருக்கு. எந்திரிங்க."

எழும்ப முன்னமே சப்பாத்து ஒன்று மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. கழிவறைக் கதவையும் தட்டினார்கள்.

மூவரையும் பைகளோடு இறக்கி ஒரு அறையில் இருத்தினார்கள். மீசை வைத்த அதிகாரி விசாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல விசா. அதுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். "சரியான விசா இருக்கிறது. பிறகு ஏன் ஒளிந்தீர்கள்?" என்று தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். முருகேசன், "பழக்கம்" என்றார். எல்லையில் ஒளிப்பது பழக்கம் என்று ஒரு பொலிஸ்காரனிடம் சொல்கிற புத்திசாலியும் அவர்களோடு வந்திருந்தார். அதிகாரி குக்கரைத் திறந்து, மோந்து பார்த்து, மூடி வைத்தார்.

பிறகு கேட்டார், "இத்தாலியில் யாரிடம் போகிறீர்கள்? விலாசம்?"

ஹோட்டல் பதிவு எதுவும் இல்லை. விலாசம் சொல்லாவிட்டால் வந்த ரயிலிலேயே திருப்பி ஏற்றுவார்கள். ஆவணி முடிந்த பிறகு பலெர்மோவில் பார்க்க ஆளும் இருக்காது. சிவானந்தன் ஸ்ரீ அண்ணையைப் பார்த்தார். ஸ்ரீ அண்ணை சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தபடியே, தங்கச்சி இல்லாத அந்த மனிதர், தெருப் பெயர், கதவு இலக்கம், மாடி, கடைசியில் டெலிபோன் இலக்கம் என்று எல்லாவற்றையும் தேவாரம் மாதிரி மூச்சுவிடாமல் ஒப்புவித்தார்.

அதிகாரி போன் எடுத்தார். மறுமுனையில் தவமலர் இத்தாலிய பாஷையில் பொழிந்தது அறை முழுக்கக் கேட்டது. அதிகாரி ஒரு வார்த்தை பேசினால் அவள் இருபது பேசினாள். கடைசியில் அவர் ஸ்ரீ அண்ணையை உற்றுப் பார்த்து, "இந்த அம்மாளுக்கு அண்ணன் இல்லையாம்" என்றார்.

ஸ்ரீ அண்ணை குனிந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"ஆனாலும் அனுப்பிவிடச் சொல்கிறார்" என்று சொல்லி, போனை நீட்டினார்.

ஸ்ரீ அண்ணை வாங்கினார். "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஓம்." பிறகும், "ஓம், ஓம்." போனை வைத்தார்.

"என்னவாம் அண்ணை?"

"ரோமிலை இறங்கி மினக்கெடாமல் நேரை வரட்டாம்."

இப்படித்தான் சிவானந்தனின் ரோம் போனது. ரயில் மாற நின்ற நேரத்தில் பிளாட்போம், ஒரு குப்பைத்தொட்டி, தூரத்தில் ஒரு கட்டடத்தின் பின்பக்கம். "ஒருக்கா வெளியிலை போய் எட்டிப் பாத்திட்டு வாறன்" என்று கெஞ்சினார். "இரண்டாயிரம் வருஷமா நிக்கிற கல்லு, நாளைக்கு விழாது. ஏறு" என்றார் ஸ்ரீ அண்ணை.

நேப்பிள்ஸிலிருந்து கப்பல். பலெர்மோத் துறைமுகத்தில் அருளப்பு வந்து நின்றான். ஏதோ பணக்கார வீட்டில் சமையல் வேலை. நரை தட்டியிருந்தது. "வாங்கோ மச்சான்" என்று கையை நீட்டினான். நீட்டின கையில் ஸ்ரீ அண்ணை தன் பையைக் கழற்றி மாட்டினார். ஐந்து வருடத்துக்குப் பிறகு மச்சானுக்குச் செய்த முதல் மரியாதை அது. அருளப்பு அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மூன்றாம் மாடி. கதவு திறந்திருந்தது. தவமலர் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கனடாவுக்குக் கட்டின பெட்டிகள். ஸ்ரீ அண்ணை படிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"நான் செத்துப்போனன் எண்டு கோயிலிலை சொன்னனீங்களாம்" என்றாள். "செத்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது. பட்டினி கிடவுங்கோ."

"மீன் குழம்பு மணக்குது" என்றார் ஸ்ரீ அண்ணை.

"அது அவர் வைச்சது. எனக்கு அதிலை சம்பந்தமில்லை. அவற்றை கையாலை தண்ணியும் குடிக்கமாட்டியள் எண்டும் கேள்வி."

மாடிப்படியில் மூன்று பேரும் நின்றார்கள். சிவானந்தனுக்குக் குக்கர் முதுகை அறுத்தது. 'ஐஞ்சு வருஷ வீம்பை இந்தப் படியிலைதான் வைச்சுப் பாக்க வேணுமா, மனிசா?' என்று மனதுக்குள் திட்டினார். ஸ்ரீ அண்ணை குனிந்து, சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். அது இலேசில் அவிழவில்லை.

"பசிக்குது, பிள்ளை" என்றார், நாடாவைப் பார்த்தபடி.

தவமலர் விலகி வழிவிட்டாள். பிறகு சமையலறைக்குள் போய், வெகுநேரம் ஏதோ கழுவிக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீ அண்ணை மூன்று தரம் சோறு வாங்கினார். "உப்புக் கொஞ்சம் குறைவு" என்று மட்டும் சொன்னார். கிரீஸ் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மிச்ச லீவு முழுக்க மூவரும் பெட்டி கட்டினார்கள். தெற்கு ஐரோப்பாவைச் சுற்ற வந்த சிவானந்தன் சுற்றியதெல்லாம் சட்டி பானைகளுக்குப் பழைய பத்திரிகைத் தாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அருளப்பு மலை மேல் இருக்கிற மாதா கோயிலுக்கு நடந்து போகப் புறப்பட்டபோது, ஸ்ரீ அண்ணையும் திருநீற்றைப் பூசிக்கொண்டு கூடப் போனார். "காற்று வாங்க" என்றார்.

அவர்கள் கனடா போனார்கள். இவர்கள் நோர்பரி வந்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் ரொறன்ரோவுக்கு போன். தங்கச்சியோடு கொஞ்சம், அருளப்போடு நிறைய. பெரும்பாலும் மீன் விலை பற்றி.

தொண்ணூற்றெட்டு மாரிக்காலத்தில் ஸ்ரீ அண்ணைக்கு நெஞ்சு பிடித்தது. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். தவமலரும் அருளப்பும் ரொறன்ரோவில் விமானம் ஏறிவிட்டார்கள் என்ற செய்தியோடு சிவானந்தன் கட்டிலருகே போய் இருந்தார்.

"சிவம், எனக்கு ஒண்டு நடந்தால் கொள்ளி வைக்கிறது ஆர்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. வெம்பிளியிலை உங்கடை ஒண்டுவிட்ட தம்பி இருக்கிறார்தானே."

"அவன் செத்த வீட்டுக்கு வந்தாலும் கார் எங்கை விடுறது எண்டுதான் யோசிப்பான். வேண்டாம். அருளப்பு வைக்கட்டும்."

"அண்ணை, அவர் வேதக்காரர். ஐயர் விடமாட்டார்."

"ஐயரோடை நீ சண்டை பிடி. எனக்கு அப்ப ஏலாது."

சிவானந்தனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உயிரோடு இருக்கும்போது குக்கரைச் சுமக்க வைத்தது போதாதென்று, இப்போது ஐயரோடு சண்டை பிடிக்கிற வேலையுமா? "சரி, ஐயரிட்டை நாளைக்கே கதைக்கிறன்" என்றார்.

"அவசரப்படாதை" என்றார் ஸ்ரீ அண்ணை. கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். "முதல் அருளப்பிட்டைக் கேள். நான் கேட்டனான் எண்டு சொல்லிக் கேள்."