பூஜ்யம் போட்ட கட்டம்

2004 வாக்கில், ஆரணியில் போளூர் சாலையோரம் இருந்த ஒரு சின்னத் தகடு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

தகட்டு பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. திரையில் சாம்பல் நிறத் தகடு சத்தமில்லாமல் மடியும். ஒரு சொடுக்கில் விரிந்து தட்டையாகும். தறியிலிருந்து இறக்கிய புடவையை அப்பா மடிப்பதுபோலவே இருக்கும். பார்த்துக்கொண்டே இருப்பேன்; டீ ஆறிப்போயிருக்கும்.

விசைத்தறிக்காரர் ஒருவர், தறியில் ஓடும் பெல்ட்டை மறைக்கப் பன்னிரண்டு தகட்டு மூடிகள் கேட்டிருந்தார். வளைவுக்காக எவ்வளவு நீளம் கழிக்கவேண்டும் என்று மென்பொருளில் ஒரு கட்டம் கேட்டது. எத்தனை முறை மடித்தாலும் புடவையின் நீளம் மாறுமா என்ன? பூஜ்யம் என்று போட்டேன். அந்த அளவிலேயே பன்னிரண்டு தகடுகளையும் வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை, வளைக்கும் மெஷினில் நிற்கும் அண்ணன் கூப்பிட்டார். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். படித்தவன் என்ற நினைப்பில் அவரோடு நான் அதிகம் பேசியதில்லை. அவர் வளைத்த மூடி, மாதிரிக்குக் கொடுத்திருந்த தறிச் சட்டத்துக்குள் நுழையாமல் ஏழு மில்லிமீட்டர் அகலமாக நின்றது.

"இன்னா சாரே, தூங்கிகினே வரைஞ்சியா? இது இன்னா பட்டுப் பொடவையா? வளைக்கிற எடத்துல தகடு இழுத்து நீளும்பா."

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். "மீதி பதினொண்ணும் போச்சாண்ணா?"

"மூஞ்சப் பாரு! ஒண்ணுதான் வளைச்சேன். மீதியத் தட்டையா வெச்சுகினு ஒக்காந்திருக்கேன். நீளமா போனா வெட்டிக்கலாம், குட்டையா போயிருந்தாதான் பேஜாரு. ஜல்தியா அளவ மாத்திக் குடு."

அந்த ஏழு மில்லிமீட்டரைக் கழித்துக் கொடுத்தேன். ஓரத்தை வெட்டி வளைத்ததும், அடுத்த மூடி சட்டத்துக்குள் வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

முதலாளி வந்ததும் கெட்டுப்போன மூடிதான் கண்ணில் பட்டது. "யார் வேலைடா இது?"

"மெஷின் செட்டிங் பாக்க வளைச்சதுங்க" என்றார் அண்ணன், மெஷினைத் துடைத்தபடி.

அந்தப் பொய்க்குள் ஒளிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்க முடியவில்லை. "என் தப்புங்க. பூஜ்யம்னு போட்டுட்டேன்" என்றேன்.

முதலாளி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே வரைஞ்சா, மொதல்ல இவன்கிட்ட காட்டிட்டு வெட்டச் சொல்லு."

'இனிமே' என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது வேறு ஊரில், பெரிய திரையில் வரைகிறேன். தகடு சத்தமில்லாமல் மடியும்போதெல்லாம், அதை நிஜத்தில் வளைக்கப்போகிற ஒரு கை எங்கோ காத்திருக்கிறது என்ற நினைப்பு வரும். அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.