பெல் அடித்த பிறகு திறந்த வயல்

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு சமைத்தேன். எண்பதுகளில், சத்துணவு வந்த புதிது. பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததே அடுப்பு மூட்டத்தான். எழுத்தெல்லாம் மளிகைப் பொட்டலத் தாளைப் பிரித்துப் பிரித்து நானாகக் கூட்டிப் படித்தது.

தை பிறந்தால் இராமநாதபுரம் சீமையிலிருந்து கதிர் அறுக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கண்மாய்க் கரையில் ஓலைத் தடுப்பு வைத்துத் தங்குவார்கள். பிள்ளைகளும் கூடவே. அறுப்பு முடிந்து ஊர் திரும்பினால், அங்கே பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்திருப்பார்கள்.

அப்படி வந்த ஒருத்தியின் மூத்த மகள் ஐந்தாம் வகுப்பு. தங்கச்சியோடு தட்டை ஏந்தி வந்தவள், அன்று சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை என்று நான் சுவரில் எழுதிப் போட்டிருந்த தலைக்கணக்கைப் பார்த்துக் கூட்டல் தப்பு என்றாள். தப்புத்தான். பெரிய வாத்தியாரிடம் கூட்டிப் போனேன். அறுப்பு முடியும்வரை நாள் தவறாமல் வந்தால் இங்கே படித்ததாகக் கடிதம் தருகிறேன், ஊரில் பெயரை அடிக்க மாட்டார்கள், ஆறாம் வகுப்புக்குப் போய்விடலாம் என்றார்.

மூன்று நாள் வந்தாள். நாலாம் நாள் காணோம். வயலுக்கே போனேன்.

கட்டுகளைக் களத்துக்குத் தூக்கிய பிறகு வயலில் சிந்திக் கிடக்கும் கதிர், பொறுக்குகிறவருக்குச் சொந்தம். அது பிள்ளைகள் வேலை. மகள் பொறுக்குவதுதான் ராத்திரிக் கஞ்சி, அவள் பள்ளிக்கூடம் போனால் மத்தியானத்துக்குள் ஊர்க்காரர்கள் வழித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றாள் தாய்க்காரி.

“ஒங்க பள்ளிக்கூடத்துக்குப் பெல்லு இருக்குக்கா. வயலுக்கு யாரு பெல்லடிக்கிறது?”

குத்தலாகத்தான் கேட்டாள். ஜனங்கள் இப்படி ஒன்று சொன்னால் நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன். அன்று முழுக்க அதே நினைப்பு. எங்கள் பெல், புளியமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அடித்தால் சமணர் மலையில் பட்டுத் திரும்பும். வயல் முழுக்கக் கேட்கும்.

வயல்காரர் எனக்கு அண்ணன் முறை. கட்டுத் தூக்கியதும் தினம் ஒரு வயலைச் சாயங்கால பெல் அடிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது, அப்புறம் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்தான் முதலில் இறங்க வேண்டும் என்று கேட்டேன். சோறு பொங்குகிறவள் வயலுக்கும் சட்டம் போடுகிறாயா என்று சிரித்தார். சரி என்றார், ஆனால் காவலுக்கு ஆள் தர மாட்டாராம். ஊரில் வீடு வீடாகப் போய், ஒங்க பிள்ளையும் இறங்கலாம், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்தேன். பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள்.

சட்டம் போட்ட அன்றே மூத்தவள் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள். ரெண்டாம் நாள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், வரப்பு முழுக்க வாத்து. அறுத்த வயல்களில் வாத்து மேய்க்கிறவர் பத்திக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு எதிரே, கையில் அரிவாளோடு அந்தத் தாய்க்காரி. பின்னால் அவள் கூட்டத்துப் பெண்கள்.

“என் வாத்து என்ன பள்ளிக்கூடமா போகுது, நாலு மணி வரைக்கும் பசியோட நிக்க?”

“எம்மக போறாள்லண்ணே,” என்றாள் அவள். “பெல்லடிக்கட்டும். பிள்ளைக பொறுக்கட்டும். மிச்சத்துக்கு இறக்குங்க.”

நாலு நாளைக்கு முன்னால் என்னைக் குத்திப் பேசிய அதே வாய்!

வாத்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். பெல் அடித்தது. பிள்ளைகள் பையை வரப்பில் வீசிவிட்டு இறங்கின, அவள் மகள் முதல் ஆளாக. அன்றைக்கு அவள் பாவாடை மடி கொள்ளாத கதிர்.

அறுப்பு முடிந்த அன்று வாத்தியார் கடிதம் கொடுத்தார். அதை நான்தான் எழுத்துக்கூட்டித் தாய்க்காரிக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

அடுத்த தை. மூத்தவளைக் காணோம். என்னவோ ஏதோ என்று பயந்துபோய்த் தாய்க்காரியிடம் கேட்டேன்.

“அவளுக்கு ஆறாப்புல்ல, எப்பிடி வருவா? மாமன் வீட்டுல இருந்து போறா.”

சின்னவளை என் பக்கம் தள்ளிவிட்டாள். தலைச்சுமையை இன்னும் இறக்கவில்லை.

“இந்த வருசம் பெல்லு எந்த வயலுக்குக்கா?”