ஒற்றை வாய் லப்டொப்

கடலுக்குப் போக நேவி பாஸ் கொடுக்காத நாள்களில் எங்கள் கரையில் ஆண்கள் கிழிந்த வலை பொத்துவார்கள், இல்லாவிட்டால் ஊர்க்கதை பேசுவார்கள். என் மருமகன் மட்டும் கம்பியூட்டர் படித்தார். மீனவர் சங்கக் கந்தோரில் கிளாக்கர். கடல் மூடினால் கந்தோரும் மூடினமாதிரித்தான். ஏதோ நிவாரணக் கந்தோர் கழித்துவிட்ட பழைய லப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மிக்கல் கனம். வைரஸ் புகுந்து சீவன் போயிருந்தது.

எனக்கு அதில் ஒரு காரியம் இருந்தது. பிரான்சில் இருக்கிற மூத்த மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வீடியோ ஒரு சீடியில் வந்திருந்தது. பேரனின் முகத்தை நான் அதுவரை கண்டதில்லை. வழியில் ஆமிக்காரன் அந்தச் சீடியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தானாம், உள்ளே பேரன் தெரிகிறானா என்று! பக்கத்து வீட்டுப் பிளேயரும் அதைத் துப்பிவிட்டது.

"பொறுங்கோ மாமி, லினக்ஸ் எண்டு ஒண்டு இருக்கு. அதின்ர சீடியைப் போட்டாலே லப்டொப் வேலை செய்யும். வைரஸ் அண்டாது," என்றார் மருமகன்.

சொன்னபடி லப்டொப் எழும்பியது. அவர் முகத்தில் திருநாள்.

"இனிப் பேரன்ர சீடியைப் போடுங்கோ தம்பி."

அப்போதுதான் மனிதர் யோசித்தார். சீடி போடுகிற வாய் ஒன்றுதான். அதற்குள் லினக்ஸ் இருந்தது. எடுத்தால் லப்டொப் இல்லை, எடுக்காவிட்டால் பேரன் இல்லை.

"கோப்பையைக் கவிட்டு வச்சுக் கறி ஊத்துறார் படிச்ச மனிசன்," என்றாள் அடுப்படியில் இருந்து அவர் மனைவி, என் இளைய மகள்.

அவர் என் சீலைப் பின்னை வாங்கி ஒரு சின்ன ஓட்டைக்குள் குத்தினார். வாய் திறந்தது, லினக்ஸ் வந்தது, திரை செத்த திருக்கையின் முழிபோல நின்றுவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த நேரம் அவரும் நானும் ஒரே வகுப்புத்தான்.

"லினக்ஸை லப்டொப்புக்கு உள்ளுக்கையே ஏத்தவேணும் மாமி."

ஏற்றுவதற்கு முதல் செய்த வேலையைக் கேளுங்கள். எங்களிடம் புது வள்ளமோ எஞ்சினோ தீர்த்தம் தெளிக்காமல் தண்ணீரில் இறங்காது. நான் செபமாலை எடுத்தால், "மாதாவுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்கோ மாமி" என்கிற அதே ஆள், என் மடு மாதா கோயில் தீர்த்தப் போத்தலைத் திறந்து லப்டொப்பில் தெளித்தார். தெளித்ததா, குளிப்பாட்டியதா! எழுத்துக் கட்டைகளுக்குள் எல்லாம் ஓடியது.

"வைரஸ் அண்டாது எண்டியள். பிறகென்னத்துக்குத் தீர்த்தம்?"

"கரண்ட் நிக்காமல் இருக்க, மாமி. பற்றரி செத்துப்போச்சு."

கரண்ட் நிற்கவில்லை. லினக்ஸ் உள்ளே போய்க் குடியிருந்தது. பிறகு சீடி போனது, பேரன் வந்தான்.

மொட்டைத் தலை, செத்துப்போன என் மனிசனின் மூக்கு. பங்குச் சுவாமி தலையில் தண்ணீர் ஊற்ற, வாயைக் கிழித்துக்கொண்டு அழுதான். ஒரு சத்தமும் இல்லை.

மருமகன் அதைத் தட்டினார், இதைத் தட்டினார். "லினக்ஸில சத்தத்துக்கு வேற ஏதோ போடவேணும். அதுக்கு இன்டர்நெட் வேணும்."

"தீர்த்தம் தொண்டைக்குள்ள போயிருக்கும்," என்றாள் மகள்.

திரையில் பேரன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.

"பிள்ளை அழுற சத்தம் எனக்குத் தெரியும் தம்பி," என்றேன். "முதல்ல இருந்து இன்னொருக்கா விட்டிட்டு, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."