உள்ளங்கையில் எழுதிய பெயர்கள்

பூசைக்கு முன், அன்றைய பூசை யாருடைய வேண்டுதலுக்காக என்ற கருத்துகளைப் பங்குச் சுவாமி வாசிக்கும்போது எங்கள் கோயில் கன்னியாஸ்திரி சிஸ்டர் மட்டும் பேனையைத் திறந்துகொண்டிருப்பார். ‘இன்னாரின் மகளுடைய வெளிநாட்டுப் பயணம் நல்லபடி அமைய’ என்று கேட்டதும் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். மெலிந்த மனுசி, குரல் மட்டும் பெரிசு. பூசை முடிந்த கையோடு என் ஓட்டோவில் ஏறி நேரே அந்த வீட்டுக்குத்தான் போவார், தூரத்து விடத்தல்தீவாக இருந்தாலும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: “தாய் தேப்பனே அனுப்பேக்க நீங்கள் ஏன் சிஸ்டர் மினக்கெடுறியள்?”

“போன வருசம்தான் அந்தப் பிள்ளையை உறுதிபூசுதலுக்குப் படிப்பிச்சனான், பதினாலு வயசும் ஆகேல்லை. பாஸ்போட்டில இருபத்திமூண்டு வயசாம், ஏஜென்சிக்காரன் போட்ட வயசு! வீட்டு வேலைக்கெண்டு கொண்டுபோய் அங்க எந்த வீட்டில பூட்டி வைப்பாங்களோ ஆருக்குத் தெரியும்? ஓட்டோவை எடுங்கோ!”

சில பயணங்களை நிறுத்தியும்விட்டார். சனம் திருந்தவில்லை, பெயர் கொடுப்பதைத்தான் நிறுத்தியது.

போன ஞாயிறு சுவாமி வாசித்தார்: “ஒரு குடும்பத்தின் விசேட கருத்துக்காக.” அடுத்ததும் அதேதான். அதற்கடுத்ததும். சிஸ்டர் திறந்த பேனையோடு திரும்பி, வாங்கு வாங்காக உட்கார்ந்திருந்த எங்கள் முகங்களைப் பார்த்தார். எல்லோரும் பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். அந்தப் பெயரில்லாத கருத்துகளில் ஒன்று என் அக்கா மகளின் பயணத்துக்கு.