தட்டோரத்து உப்பு

என் கணவர் பொய் சொல்லாதவர். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதரோடு குடும்பம் நடத்திய அலுப்பில் சொல்கிறேன். மலாயாவில் செடெனாக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் டிரசர். காயம் கட்டுவது, மருந்து கொடுப்பது, காய்ச்சல்காரர்களைப் பார்ப்பது எல்லாம் அவர்தான். விருந்துக்குப் போன இடத்தில் "குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "காரம் தூக்கலா இருக்கு" என்று நேரே சொல்லிவிடுவார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் தவிப்பேன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தமக்குப் பிடித்த பொருள் ஒன்றை விட்டுவிடுவார். விட்டதன் பங்கு, இல்லாத ஒருவருக்குப் போக வேண்டும். ஒரு வருடம் தேநீரில் பால், இன்னொரு வருடம் வெற்றிலை. ஈஸ்டர் காலையில் முதல் வேலையாக அந்தப் பொருளை நானே கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன். சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு எடுப்பார். அந்தச் சிரிப்புக்காகவே எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று புதுப்பெண்ணாக இருந்தபோது நினைத்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது லெந்து அது. அரிசி பேருக்குத்தான் கிடைத்தது. காலையில் மரவள்ளிக் கிழங்கு, மாலையில் மரவள்ளிக் கிழங்கு, நடுவில் அதன் இலை. எங்களோடு என் தம்பியும் இருந்தான். ஒரே மழைக்காலத்தில் அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் போனபிறகு அவனை வளர்த்தவள் நான். எனக்குக் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது என் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் கூடவே வந்துவிட்டான். ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்கும் வேலை பார்த்தான். பால் எடுக்க மரம் வெட்டுவது நின்றபிறகு எல்லாரையும் போல மண்வெட்டி பிடித்தான். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"அத்தான், இந்த வருஷம் விடறதுக்கு ஒன்னும் இல்லலா," என்றான். "கிழங்கை விட்டீங்கன்னா நேரா பரலோகம்தான்."

அவர் சிரித்தார். பிறகு யோசித்து, "உப்பு இருக்கு," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெப்ராவ் பக்கம் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த அழுக்கு உப்பை ஒரு சீனர் சைக்கிளில் கொண்டுவருவார். என் கல்யாணச் சேலைகளில் ஒன்றைக் கொடுத்து ஒரு சாடி உப்பு வாங்கியிருந்தேன். கிழங்கைத் தொண்டைக்குள் இறக்க அது ஒன்றுதான் துணை. தம் பங்கைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் கஞ்சிக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் லாரி வந்து போயிருந்தது. எங்கள் தோட்டத்துக்கும் வரும், நோயாளிகளை மட்டும் விட்டுவிடுவார்கள், யார் நோயாளி என்று டிரசர்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தம்பியைத் தேடினேன்.

"தம்பிக்குக் காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றேன்.

"அவனுக்குக் காய்ச்சல் இல்லையே."

"இல்லன்னு எனக்குத் தெரியாதா? சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்."

மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். காலைப் பிடிக்காத குறைதான். அவர் ஜெபம் செய்யப் போய்விடுவார். அவர் முழங்கால் போடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு காலையில் பெரட்டு மணி அடித்தது. வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் அதே மணிதான். ஆனால் களத்தில் லாரி நின்றது. ஆண்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஒரு ஜப்பானியச் சிப்பாய், அவனுக்கு மலாய் மொழியிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவன், அவர்கள் பக்கத்தில் என் கணவர். பெண்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம்.

முதலில் நின்றவனுக்கு வீட்டில் நிறைமாத மனைவி. என் கணவர் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "சாகிட்," என்றார். நோயாளி என்று அர்த்தம். முந்தின நாள் மாலைதான் அந்த ஆள் ஒரு மூட்டைக் கிழங்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனான். என் கணவர் பொய் சொல்லிவிட்டார். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஒரு பொய் சொன்னவருக்கு இன்னொன்று சொல்ல என்ன கஷ்டம்? என் தம்பி பிழைத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பிள்ளைகுட்டிக்காரர்கள் வந்தபோதெல்லாம் "சாகிட்" என்றார். இடையில் சிலரை "சிஹாட்" என்றார். சுகமாயிருக்கிறான் என்று அர்த்தம். அவர்கள் லாரியில் ஏறினார்கள். அவர்கள் எல்லாரும் கல்யாணமாகாதவர்கள் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

என் தம்பி வந்து நின்றான். அவன் வயிற்றின்மேல் இவர் கை மற்றவர்களைவிட அதிக நேரம் இருந்தது. பிறகு கையை எடுத்தார்.

"சிஹாட்."

நான் ஓடினேன். யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். தம்பி லாரியில் ஏறி நின்று என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"என் பங்கு உப்பை எடுத்து வை அக்கா," என்றான். "வந்து வாங்கிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"கேட்ட ஆளைக் குடுத்தே ஆகணும்," என்றார். "எல்லாரையும் நோயாளின்னு சொன்னா அவன் ஒருத்தரையும் விட்டிருக்க மாட்டான். யாரோ போய்த்தான் ஆகணும். நம்ம வீட்டுப் பிள்ளையை ஒளிச்சு வச்சுக்கிட்டு அடுத்தவன் வீட்டுப் பிள்ளையை எப்படி ஏத்தி விடறது?"

"வேதத்துல சொன்னபடி உங்களை நீங்க வெறுத்துக்குங்க. சிலுவை தூக்கணும்னா உங்க தோள்ல தூக்குங்க. என் தம்பியை யாரைக் கேட்டு விட்டீங்க?"

அவர் சட்டையை விடுவித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சில நாளில் ஈஸ்டர் வந்தது. பழக்கப்படி அவர் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பை வைத்தேன். அன்பினால் வைக்கவில்லை. ஆண்டவர் எழுந்துவிட்டார், உங்கள் விரதம் முடிந்தது, தின்னுங்கள் என்று குத்திக்காட்டத்தான் வைத்தேன். அவர் விரலால் அதை மெல்லத் தள்ளி வைத்தார்.

"அவன் வரட்டும்," என்றார்.

யுத்தம் முடிந்தது. சயாமிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரயில் ஊதும் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி செடெனாக் ஸ்டேஷனுக்கு ஓடுவேன். எலும்பும் தோலுமாக யாராவது இறங்குவார்கள். ஒருவன் மட்டும் தம்பியைப் பார்த்ததாகச் சொன்னான். வாந்திபேதி வந்தவர்களைத் தனிக் கொட்டகையில் போட்டிருந்தார்களாம். தம்பி அவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தானாம். அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றான். செத்ததைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று இவர் "சாகிட்" என்று சொன்னதால் தப்பித்தவர்கள் வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குக் கோழி கொண்டுவந்தார்கள். நான் வாங்கிக் குழம்பு வைத்தேன், சாப்பிடவும் செய்தேன். கோழி என்ன பாவம் செய்தது? இவர் குழம்பை மட்டும் உப்புப் போடுவதற்கு முன்னாலேயே தனியாக எடுத்து வைப்பேன்.

பிறகு வந்த போதகர் ஒருவருக்கு யாரோ இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள். இயேசுவுக்குச் சீஷனாக இருப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, டிரசர் வீட்டம்மா எழுந்து சாட்சி சொல்லட்டும் என்றார். எழுந்தேன்.

"விலை குடுத்தது என் தம்பி," என்றேன். "அவன்கிட்ட யாரும் கேக்கல. என்கிட்டயும் கேக்கல." உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவ சொல்றது நிஜம்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். பொய் சொல்லாதவர் ஆயிற்றே.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் உப்பு வைத்தேன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் தள்ளி வைத்தார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். உப்பு சல்லிசாகக் கடைகளில் குவிந்து கிடந்தது. மகன் உலு திராமில் வீடு கட்டி எங்களை அழைத்துப் போனான். அங்கேயும் வைத்தேன். கையில் எடுத்த கல்லைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த வருடம், ஈஸ்டர் காலையில் கஞ்சி ஊற்றினேன். சாடியைத் திறந்தேன். தம்பி இருந்தால் அவன் தலையும் நரைத்திருக்கும் என்று திடீரென்று தோன்றியது. நரைத்த தலையோடு அவனை நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

கஞ்சியை அவர் முன்னால் வைத்தேன். அவர் தட்டின் ஓரத்தைப் பார்த்தார். தட்டைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கலவரத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏதாச்சும் சேதி வந்திச்சா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் குத்திக்காட்ட வைத்த உப்பை இந்த மனிதர் இத்தனை வருடமும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார். இவள் இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறாள், ஆகையால் அவன் வரக்கூடும் என்று.

"சேதி ஒன்னும் வரல," என்றேன். "இனிமே வராது."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தம்பிக்காக அவர் என் முன்னால் அழுதது அன்றுதான்.

மன்னித்துவிட்டீர்களா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தெரியாது. இன்றைக்கும் ரயில் சத்தம் கேட்டால் கை வேலையில் நிற்பதில்லை. அன்று அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கும் அதே பானையிலிருந்து ஊற்றிக்கொண்டேன், உப்புப் போடாமல். வாயில் வைக்க முடியவில்லை. முழுவதையும் குடித்தேன்.